கணக்குக் கொப்பி வைத்திருந்த பிள்ளைக்கு

அம்பாறை மாவட்டத்தின் தெற்குக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து இருபது வயது மகள் ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார். பாடசாலை வலைப்பந்து அணியின் தலைவியாக மாகாண மட்டம் வரை போனவர். போன வருடம் பயிற்சியில் விழுந்து முழங்கால் லிகமென்ட், அதாவது மூட்டை இணைத்து வைத்திருக்கும் நார், கிழிந்துவிட்டது. சத்திரசிகிச்சைக்குத் திகதி இன்னும் கிடைக்கவில்லை. விளையாட்டு நின்றாலும் மைதானத்தை அவர் விடவில்லை. அண்ணனுடைய கழகம் சித்திரை வருடப்பிறப்பையொட்டி நடத்திய மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குக் கணக்கு, அட்டவணை, நடுவர் ஏற்பாடு எல்லாம் இவர் கையில்தான்.

இப்போது பல்கலைக்கழகத்தில் விளையாட்டு முகாமைத்துவம் படிக்க ஆசை. "பொம்பிளப் பிள்ளைக்கு மைதானத்தில என்ன வேல, வேணுமெண்டா பீ.டீ. டீச்சராகு" என்கிறார் அம்மா. கட்டாரில் இருக்கும் சித்தப்பா கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, 15 இலட்சம் வரை தான் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்சத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. கடலுக்குப் போகும் அப்பா வாயே திறக்கவில்லையாம். "காலும் போச்சு, இனி என்னடி ஸ்போர்ட்ஸ்?" என்பது நண்பிகளின் கேள்வி. இவருடைய கேள்வியோ வேறு: "எனக்கிட்ட தேசிய மட்டச் சான்றிதழ் ஒண்டும் இல்ல மிஸ். இந்தப் படிப்புக்கு நான் தகுதியா? படிச்சா வேலை கிடைக்குமா?"

மகள், உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். சுற்றுப்போட்டிக் கொப்பியிலிருந்து அப்படியே பார்த்தெழுதிய பக்கம் அது. "13 அணிகள். 3 அணிக்கு பை. மொத்தம் 12 மேட்ச். இரண்டு நாள்." அதன் கீழே ஒலிபெருக்கிக்காரருக்கு முற்பணம், பந்து இரண்டு டசின், நடுவர் இருவருக்கும் பெற்றோல் காசு, தண்ணீர், முதலுதவிப் பெட்டி. அதற்கும் கீழே சிவப்புப் பேனையால்: "மழைக்கு மேலதிக நாள் வைக்கல்ல. அடுத்தமுறை வைக்கோணும்." சித்திரையில் பின்னேரம் இடிமழை வரும் என்று தெரிந்தும் ஃபைனலை நாலு மணிக்கு வைத்து, நனைந்து, சண்டையும் வந்து, அதற்குப் பிறகு எழுதிய வரி என்று விளங்கியது. 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் வரிசையில் 13 அணிக்கு அடுத்த இலக்கம் 16, ஆகவே மூன்று 'பை', அதாவது மூன்று அணிகள் முதல் சுற்றில் விளையாடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும்; தோற்றால் வெளியே என்ற முறையில் மொத்தம் 12 போட்டி. இதை யாரும் சொல்லித்தராமல் நீங்களே போட்டிருக்கிறீர்கள். போட்டி அட்டவணை தயாரித்தல் என்று இந்தத் துறையில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

உடற்கல்வி வேறு, முகாமைத்துவம் வேறு

அம்மா இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார். உங்கள் கடிதத்திலும் சில இடங்களில் அந்தக் கலப்பு தெரிகிறது. உடற்கல்வி படித்தவர் பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கற்பிப்பார், பயிற்றுவிப்பார். பாடசாலையில் நிரந்தர நியமனம் கிடைக்கக்கூடிய வழி அது. அம்மா அதை விரும்புவதில் பிழையில்லை. விளையாட்டு முகாமைத்துவம் படிப்பவர் கழகத்தின் வரவு செலவு, அனுசரணை, ஒப்பந்தம், மைதானப் பராமரிப்பு, நுழைவுச்சீட்டு, பாதுகாப்பு, வீரர்களின் பயணம், ஊடகம், விளையாட்டுச் சட்டம், ஊக்கமருந்து விதிகள் என்று கோட்டுக்கு வெளியே நடக்கும் வேலைகளைப் படிக்கிறார். இதற்குத் தேசியச் சாம்பியனாக இருந்திருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

இந்தப் படிப்பு பிறந்த கதையே ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் டொட்ஜர்ஸ் பேஸ்போல் கழக உரிமையாளர் வோல்ட்டர் ஓமாலி 1957 இல் ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு எழுதினார். ஒரு விளையாட்டரங்கையோ குதிரைப் பந்தயத் திடலையோ நடத்துவதற்கென்றே படித்த ஆளை நான் எங்கே போய்த் தேடுவது என்பது அவர் கேள்வி. அப்படி ஒரு படிப்பு அப்போது இருக்கவில்லை. 1966 இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முதலாவது முதுமாணி வகுப்பு தொடங்கியது. விளையாட்டுக்காரர் தட்டுப்பாட்டால் வந்த படிப்பில்லை இது. மைதானத்தை நடத்த ஆள் இல்லாததால் வந்தது.

மட்டக்களப்புக்கு வரும்போது வெபர் மைதானத்தைப் பார்த்திருப்பீர்கள். புனித மிக்கேல் கல்லூரிக்கு நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர் அதற்கு. அவர் பழக்கிய பிள்ளைகளில் பலருடைய பெயர் இன்று ஊருக்கு மறந்துவிட்டது. மைதானம் நிற்கிறது.

பெலிஹுல் ஓயாவா, ஒலுவிலா?

"விளையாட்டு முகாமைத்துவம் கொழும்பில் காசு கட்டித்தான் படிக்கலாமாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழையான தகவல். பெலிஹுல் ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மஹாபொல அல்லது பர்சரி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இங்கே பிள்ளைகள் வழமையாகத் தவறவிடும் ஒரு படி உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொது விண்ணப்பம் மட்டும் இந்தப் பாடநெறிக்குப் போதாது. செயன்முறைப் பரீட்சைக்கென்று அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் சித்தியடைந்தால்தான் உங்கள் இசட் புள்ளியைக் கணக்கில் எடுப்பார்கள். விளம்பரம் வந்து முடிவுத் திகதி போன பிறகு என்னிடம் அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பெறுபேறு வந்த நாளிலிருந்து அந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் இணையத்தளத்தையும் கிழமைக்கு இரண்டு தரமாவது பாருங்கள். அனுமதிக் கைநூலில் இந்தப் பாடநெறிக்குரிய பக்கத்தை எடுத்து, நீங்கள் எழுதிய கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் என்ற மூன்றும் அதில் கேட்டிருக்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்று முதல் வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வலய, மாகாண மட்டச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளை இப்போதே ஒரு கோவையில் போடுங்கள். அணித் தலைவியாக இருந்ததற்கு அதிபரிடம் கடிதம் எடுக்க இதுதான் நேரம். அதிபர் இடமாற்றம் பெற்றுப் போனபின் அலைய வேண்டிவரும்.

அடுத்தது, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன வழி: "இல்லாட்டி ஒலுவில்ல மெனேஜ்மன்ட் செய்யலாம்." அந்த 'இல்லாட்டி'யோடு எனக்கு உடன்பாடில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவ பீடங்கள் இருக்கின்றன. அங்கே படிக்கும் நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம் எல்லாம் விளையாட்டு முகாமைத்துவத்தின் பெரும்பகுதி. கூடவே பல்கலைக்கழக விளையாட்டு மன்றத்தில் பொறுப்பெடுத்து, போட்டிகளின் ஏற்பாட்டுக் குழுவில் நின்று நாலு வருடம் வேலை செய்தால், பட்டத்தோடு அனுபவமும் சேர்ந்துவிடும். பிறகு முதுமாணியை விளையாட்டுத் துறையில் செய்யலாம்.

முகாமைத்துவம் போன்ற பாடநெறிகளில் அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்று பிரிகிறது. அம்பாறையும் மட்டக்களப்பும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து நீங்கள் பயப்படத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை நாம் வாசலில் போய்த் தெரிவுசெய்வதில்லை. விண்ணப்பத்தில் போடும் விருப்ப ஒழுங்கும் இசட் புள்ளியும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். நண்பி போட்ட ஒழுங்கைப் பார்த்தெழுத வேண்டாம்.

ஆங்கிலத்துக்குப் பயமென்று எழுதியிருக்கிறீர்கள். ஒலுவிலுக்குப் போனாலும் பெலிஹுல் ஓயாவுக்குப் போனாலும் படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆகவே அதைக் காரணமாக்கி ஓரிடத்தைத் தவிர்த்து இலாபமில்லை. பெறுபேறு வரும்வரை கிடைத்திருக்கும் இந்த மாதங்களை அதற்குக் கொடுங்கள். சிங்களமும் பேசப் பழகுங்கள். தேசிய விளையாட்டுச் சங்கங்களின் அலுவலகங்களில் ஆங்கிலத்தை விட அதற்குத்தான் தேவை அதிகம்.

பெலிஹுல் ஓயா என்றதும் அம்மா உலகத்தின் மறுபக்கம் என்று நினைத்திருக்கிறார் போலும். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகிறதே ஏ-4 வீதி, அதே வீதிதான் மொனராகலை, வெல்லவாய, பெரகல என்று ஏறிப் பெலிஹுல் ஓயாவுக்குப் போகிறது. தூரந்தான், ஆனால் ஒரே பாதை. பகிடிவதை பற்றிய அவருடைய பயம் நியாயமானது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எங்கு போனாலும், முதல் கிழமையிலேயே மாணவர் ஆலோசகரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.

அந்த முழங்கால்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். "செயன்முறைப் பரீட்சைக்கு பண்டேஜ் கட்டிக்கொண்டு ஓடிப் பார்ப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், மகள். கிழிந்த லிகமென்டோடு திடீரென்று திரும்பி ஓடினால் முழங்காலின் உள்ளே இருக்கும் மற்றப் பகுதிகளும் சேதமாகலாம். ஒரு நாள் பரீட்சைக்காக வாழ்நாள் மூட்டு வலியை வாங்க வேண்டாம். எலும்பு முறிவு சிகிச்சை நிபுணரிடம் போய், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். பரீட்சைக்குத் தயார் என்று அவர் சொன்னால் போங்கள்.

சொல்லாவிட்டால், என் தனிப்பட்ட அபிப்பிராயம், ஒலுவிலையோ வந்தாறுமூலையையோ மேலே போடுங்கள். வர்த்தகம் படித்த, கணக்கில் கை தேர்ந்த, கால் ஆற வேண்டிய ஒரு பிள்ளைக்கு அது இரண்டாந்தரத் தெரிவில்லை. என்னிடம் நேரில் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

சித்தப்பாவின் காசு

சித்தப்பா அனுப்பிய விளம்பரத்தின் படத்தையும் இணைத்திருந்தீர்கள். "18 மாதங்களில் சர்வதேசப் பட்டம்" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவில், 'உயர் டிப்ளோமா, பட்டத்துக்கான வழி' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் டிப்ளோமா 3 ஆம் மட்டம், உயர் டிப்ளோமா 4, பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. அந்த 18 மாதம் முடிந்தபின் பட்டமாக்க இன்னும் ஒரு வருடமோ அதற்கு மேலோ, இன்னொரு கட்டணமும், சில வேளை வெளிநாட்டு நாணயத்தில். அந்தத் தொகை விளம்பரத்தில் இல்லை.

தனியார் நிறுவனம் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நல்லவையும் உண்டு. காசு கட்டுமுன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்:

பட்டம் தருவது யார்? உள்நாட்டு நிறுவனமென்றால் அந்தக் குறிப்பிட்ட பட்டத்தை வழங்க அதற்கு அரச அங்கீகாரம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமென்றால் மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா? இதை நிறுவனத்திடம் கேட்பதோடு நிற்காமல் ஆணைக்குழுவிடமும் நேரடியாகக் கேளுங்கள். பிற்காலத்தில் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் தங்கியிருக்கும்.

டிப்ளோமா, சான்றிதழ்ப் பாடநெறி என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா?

முதல் நாளிலிருந்து பட்டச் சான்றிதழ் கைக்கு வரும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும்?

கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, பஸ் எல்லாம் கூட்டி ஒரு கணக்குப் போடுங்கள். சுற்றுப்போட்டிக்குப் போட்டீர்களே, அதே மாதிரி. போட்டுச் சித்தப்பாவுக்கு அனுப்புங்கள். அவர் வெயிலில் நின்று உழைத்த காசு. கணக்கைப் பார்த்தால் அவரே யோசிப்பார். அம்மாவின் நகையில் இந்த வருடம் கை வைக்க வேண்டாம். பெறுபேறே இன்னும் வரவில்லை.

வேலை பற்றி

"படித்து முடித்தால் கிரிக்கெட் சபையில் வேலை எடுக்கலாந்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் பட்டம் மட்டும் கையில் இருந்தால் கதவு திறக்காது. நம் நாட்டில் அநேகமான தேசிய விளையாட்டுச் சங்கங்களைத் தெரிவுசெய்யப்பட்ட பதவியாளர்கள் சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். முழுநேர ஊழியர் மிகக் குறைவு, இருப்பவர்களும் கொழும்பில். அரச துறையில் பிரதேச செயலகத்திலும் மாவட்டச் செயலகத்திலும் விளையாட்டு உத்தியோகத்தர் பதவிகள் உண்டு. ஆட்சேர்ப்பு வருடா வருடம் நடப்பதில்லை. வர்த்தமானி வரும்போது தகைமை கையில் இருக்க வேண்டும்.

அதற்காகத் துறையே வெறுமை என்று எண்ணிவிடாதீர்கள். 2023 இல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரியில் ஃபிஃபா நம் உதைபந்தாட்ட சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட்டில்தான் விட்டது. நவம்பரில் ஐசிசி நம் கிரிக்கெட் சபையை இடைநிறுத்தியது, 2024 ஜனவரியில் தடை நீங்கியது. இடையில் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. இரண்டு தடைகளுமே விளையாட்டில் தோற்றதால் வந்தவையல்ல. நிர்வாகம், யாப்பு, வெளித்தலையீடு என்று அறைக்குள் நடந்த பிழைகளுக்காக, உதைபந்தாட்டப் பிள்ளைகள் சர்வதேசப் போட்டிகளுக்கு வெளியே நின்றார்கள், கிரிக்கெட்டில் ஓர் உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்புக் கைநழுவியது. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தை ஒழுங்காக வாசித்த ஆட்கள் இந்தத் துறைக்கு எவ்வளவு தேவை என்று விளங்கும்.

கிழக்கிலேயே நின்று செய்ய விரும்பினால் உங்களுக்குப் பக்கத்தில்தான் அறுகம்பை இருக்கிறது. ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரர் வந்து குவியும் இடம். பாடசாலைகள், உயிர்காப்பு, போட்டி ஏற்பாடு, காப்புறுதி, கடற்கரைப் பராமரிப்பு எல்லாம் அங்கே நடக்கின்றன, பெரும்பாலும் அனுபவத்தால், படித்த முகாமையாளர் குறைவாக. ஹோட்டல், உடற்பயிற்சி நிலையம், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், மாலைதீவு, வளைகுடா என்று வேறு வாசல்களும் உண்டு. முதல் இரண்டு மூன்று வருடம் சம்பளம் சிறிதாகத்தான் இருக்கும். அதை இப்போதே வீட்டில் சொல்லிவையுங்கள்.

இன்றைக்கே தொடங்கக்கூடிய ஒன்று: உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைப் போய்ச் சந்தியுங்கள். அண்ணனின் கழகம் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிவு வேலையை நீங்களே எடுத்துச் செய்யுங்கள். அடுத்த பிரதேச விளையாட்டு விழாவில் ஸ்கோர் மேசையில் ஒரு கதிரை கேளுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலை, முழங்காலுக்கும் நோகாது. செய்து முடித்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் வாங்கிக் கோவையில் போடுங்கள்.

பின்குறிப்பாகக் கேட்ட விசயத்துக்கு வருகிறேன். முதற்பரிசு 40,000 ரூபாவைத் தருவதாகச் சொன்ன அனுசரணையாளர் இன்னும் தரவில்லை, வென்ற அணி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. வாய்ப்பேச்சில் வாங்கிய வாக்கு என்றாலும், பதாகையில் அவருடைய கடைப் பெயரைப் போட்டீர்கள்தானே. அந்தப் படத்தையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். கழகத் தலைவர், செயலாளர் கையொப்பத்தோடு, இரண்டு கிழமைத் தவணை கொடுத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். உங்கள் பெயரில் அனுப்ப வேண்டாம், இது கழகத்தின் கொடுக்கல் வாங்கல். பதில் வராவிட்டால் உங்கள் பிரிவு மத்தியஸ்த சபையில் முறையிடலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் வென்ற அணிக்கும் அனுசரணையாளருக்கும் இடையில் எந்தப் பேச்சும் இல்லை. பரிசை அறிவித்தது கழகம். அவர்களுக்குக் கழகம்தான் கொடுக்க வேண்டும், தவணையாகவாவது. கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் கையொப்பம் வாங்கி அந்தக் கொப்பியிலேயே ஒட்டுங்கள்.